கருப்பட்டி மேகம்

உடையடிவிளையில் துணி காயப்போடப் போகிறவர்கள் இன்றைக்கும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். தெருவை எட்டிப் பார்த்து, "கனி வேலைக்குப் போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடியில் கை வைப்பார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள் இது என்ன கூத்து என்று விழித்தால், ஏன் என்று யாரும் அவளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் அந்த ஊருக்கு மழை மேற்கேயிருந்தும் வராமல், கிழக்கே கடலிலிருந்தும் வராமல், சாயங்காலம் ராக்கெட் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது என்று தொடங்கினால், முழுக் கதையையும் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

சுயம்புகனி, தண்ணி லாரி ஓட்டுகிற சித்திரைவேலுக்கும் அவர் பெண்டாட்டி ராஜபுஷ்பத்துக்கும் ஒரே பிள்ளை. ஊரோ செம்மணல் தேரி, நடந்து வந்தால் முழங்கால் வரைக்கும் சிவந்துபோகும், கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீரை எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டுவந்து ஊற்றுகிற ஆள் சித்திரைவேல் என்பதால், அவர் லாரிச் சத்தம் கேட்டால் குடங்கள் தாமாகவே வாசலுக்கு ஓடிவரும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கனி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருக்கிறதே, அது ஆளை உட்கார வைத்துத் தின்றுவிடும். எதிரே வருகிறவர்கள் எல்லாம், "வேலை ஒண்ணும் அமையலையாட்டி?" என்று கேட்பார்கள், அக்கறையாகத்தான் கேட்பார்கள், ஆனாலும் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். கடைசியில் கனி தெருவையே விட்டுவிட்டுக் கருவேலங்காட்டு வழியாகக் கடைக்குப் போகப் பழகிக்கொண்டாள். ஒரு வீட்டிலும் ஒரு விசேஷத்துக்கும் அவளைத் தனியாகப் பேர் சொல்லி அழைத்தவர் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையோரம் ஒரு ராக்கெட் கம்பெனி வந்தது. பெரிய கம்பெனி இல்லை, கொட்டகையும் கம்பிவேலியும் இன்ஜினை எரித்துப் பார்க்க ஓர் இரும்புத் தாங்கியுமாக, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி அவசர அவசரமாக எழும்பி நின்றது. அங்கே எல்லாருக்கும் மேலே இருந்தவர் ஆக்னஸ் மேடம். சிரித்தால் நாள் கெட்டுவிடும் என்று நினைக்கிற முகம் அவருக்கு. நேர்காணலில் அவர் கனியின் மார்க்கையெல்லாம் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "கசிவுன்னா என்ன, சொல்லு பார்ப்போம்" என்றார்.

கனிக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. "எங்க அப்பா லாரி வால்வு கசிஞ்சா, ஊரே குடத்தைத் தூக்கிட்டுப் பின்னாலேயே ஓடிவரும் மேடம். அப்பா வண்டியை நிறுத்த மாட்டாங்க. நான்தான் பின்னால தொங்கிக்கிட்டே போய் இறுக்குவேன்" என்றாள். சொல்லி முடித்த பிறகு, ஐயோ இதையா சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆக்னஸ் மேடம் சிரித்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்களாம், அப்படி ஒரு சிரிப்பு.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் காலையில், கம்பெனி பஸ் முக்கில் திரும்புவதைப் பார்த்ததும் கனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் ஓடிவிட்டாள். ராஜபுஷ்பம் வாசலில் நின்று, "ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயில முத்தா உதிந்துரும்?" என்று கத்தினதை பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கனியைத் தவிர.

ராக்கெட் வேலை என்றதும் ஊரார் என்னென்னவோ நினைத்திருந்தார்கள். அவள் செய்ததோ, குழாயும் வால்வும் சேருகிற இடத்திலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது. குமிழி வந்தால் கசிவு, கசிவு வந்தால் கழற்றி மறுபடி மாட்டு, மாட்டி மறுபடி தடவு. கையில் உறை போட வேண்டும், தலையில் தொப்பி போட வேண்டும், ஆக்சிஜன் போகிற பாதையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் குபீரென்று பற்றிக்கொள்ளும் என்பதால் தலைக்கு எண்ணெயே வைக்கக் கூடாது. ராஜபுஷ்பத்துக்கு இதுதான் தாங்கவில்லை. "பாத்திரம் கழுவச் சொன்னா முகத்தைத் தூக்கிக்குவா, அங்க போய்ச் சோப்புத் தண்ணியைக் கலக்குதா, அதுவும் பரட்டைத் தலையோட" என்று பால்காரரிடம் புலம்பினாள். கனிக்கோ அந்தச் சோப்புத் தண்ணீரைத் தொடும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. தனக்கென்று ஒரு நாற்காலி, தனக்கென்று ஒரு வால்வு, அது கசியக் கூடாது என்பது தன் பொறுப்பு. இதைவிட என்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்களே, சேனை, அதைப் புது இன்ஜினுக்கும் வைப்பார்கள். வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று வீட்டில் ஆள் பார்த்து வைக்கச் சொல்வது போல, இங்கே புதிதாகச் சேர்ந்தவரை வைக்கச் சொல்வார்கள். கனியோடு வேலை பார்த்த நூர்தீன்தான் இந்தச் சடங்குக்கெல்லாம் பெரிய மனுஷன். ஒரு கிண்ணத்தில் கருப்பட்டியைக் கரைத்து எடுத்துவந்து, "மாமியார் மாதிரி விறைச்சுக்கிட்டு நில்லாத, நல்லா மனசார வை" என்றான். ஆக்னஸ் மேடம் பக்கத்தில் வந்து, "வெளி விளிம்புல மட்டும் தொடு. தப்பித் தவறி ஒரு சொட்டு உள்ள போச்சு, அப்புறம் ராக்கெட்டுக்குப் பதிலா நாமதான் மேல போவோம்" என்றார். கனி விரலை நனைத்து, இன்ஜின் வாயின் வெளி விளிம்பில் தொட்டு வைத்தாள். வழக்கமாக எல்லாரும் அதோடு கையை எடுத்துவிடுவார்கள். இவள் பழக்கதோஷத்தில், பச்சைப் பிள்ளையிடம் சொல்வது போல, "என் ராசா, நல்லா இரு" என்று அந்த இரும்பைத் தட்டிக் கொடுத்துவிட்டாள். தப்பு நடந்தது இங்கேதான், தப்பு என்று சொல்வதானால்.

இன்ஜின் எரிந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்தால் மிஞ்சுவது வெறும் நீராவிதான். ஆகவே அந்தத் தேரி அதிர, காது கிழிய, வெள்ளை வெளேரென்று ஒரு புகை மலை மாதிரி எழுந்து, எழுந்தது குளிர்ந்து, எல்லார் தலையிலும் பூந்தூறலாக விழுந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, அங்கே ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான். தூறி முடித்ததும் மேகம் கலைந்துபோகும். அன்றைக்கு எல்லாம் கலைந்த பிறகு, ஒரு லாரி அளவுக்கு ஒரு துண்டு மட்டும் கலையாமல் நின்றது. சாயங்காலம் கனி பஸ் ஏறினாள், அதுவும் கூடவே நகர்ந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கனி, உன் கூட ஆள் வருது போலயே" என்றார், கூட ஒரு டிக்கெட் ஏறினாற்போல.

வீட்டு வாசலில் ராஜபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். "யாருட்டி இது?"

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்கும்மா."

"சேனை கீனை வச்சியா?"

"ஆமா. கருப்பட்டித் தண்ணி."

"அப்போ பின்னாலதான் வரும். வேற எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு, வடகம் காயப்போட்ட பாயை மட்டும் சுருட்டி உள்ளே வைத்தாள்.

அவ்வளவுதான், மேகம் குடிவந்துவிட்டது. விடிந்ததும் ஊர் கூடிப் பார்த்தது. சித்திரைவேல் கையை நீட்டி, விழுந்த துளியை நக்கிப் பார்த்துவிட்டு, "லேசா இனிக்குதுல்லா" என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் நக்கிப் பார்த்தார்கள், ஆமாம், அடி நாக்கில் கருப்பட்டி மணம். தண்ணி லாரிக்காரர் வீட்டு மேலேயே மேகம் வந்து நிற்கிறதே, பிழைப்பு என்னாவது என்று கேட்டவர்களிடம், "அது மேல ஓட்டுது, நான் கீழ ஓட்டுதேன், ஒரே தொழில்தானே வே" என்றார். லீவு நாளில் லாரி மூடியைத் திறந்து வைத்து, மகளை மேலே உட்காரச் சொல்லி, டேங்கை நிரப்பிக்கொண்டு, கனி போகாத தெருக்களுக்கெல்லாம் கொண்டுபோய் ஊற்றினார்.

சேனை வைத்தவளின் குணம் அப்படியே இருந்தது அந்த மேகத்துக்கு. புது ஆளைக் கண்டால் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். அம்மா கனியைத் திட்டினால் இதுவும் மூக்கை உறிஞ்சுவது போலப் பொட்டுப் பொட்டென்று சொட்டும். கனி கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் கறுத்துப் போய், ஒரு சொட்டும் விடாமல் கிடக்கும். பிடிவாதத்தைச் சொல்லி மாளாது. நில் என்றால் வரும், வா என்றால் வரும், போ என்றால் இன்னும் தாழ வந்து தலையில் உட்காரும்.

ஊர் என்ன செய்யும், அதற்கேற்ப நடந்துகொண்டது. கருவாடு காயப்போடுகிற பெண்கள் பஸ் நேரம் பார்த்துப் பாயைச் சுருட்டினார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு முடிகிற வரைக்கும் கனி பெரியம்மா ஊருக்குப் போய்விட வேண்டும், பாட்டு முடிந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தில் மரம் நட்டார்கள், வாரம் ஒரு தடவை கனியை அழைத்து மாணவர்களிடம் பேசச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் வால்வைப் பற்றியே பேசினாள், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், வெளியே கன்றுகள் நனைந்தன. முருங்கைத் தோட்டத்துப் பாக்கியத்தாய், "ஏ கனி, ராத்திரி சோறு திங்க வந்துரு, சும்மா வா" என்று ஆளனுப்புவாள். இன்றைக்குப் பாக்கியத்தாய் வீடு, நாளைக்கு வாழைத்தோட்டத்து வீடு, அடுத்த நாள் பூக்கட்டுகிறவர் வீடு என்று கனிக்கு விருந்து ஓயவில்லை. கூப்பிட்ட வீட்டிலெல்லாம் இலை போட்ட கையோடு முற்றத்தில் குடங்களை வரிசையாக வைத்துவிடுவார்கள்.

கனி சாப்பிடுவாள், நன்றாகத்தான் சாப்பிடுவாள். ஆனால் கை கழுவும்போது அந்தக் குடங்களைப் பார்ப்பாள். வேலையில்லாமல் கருவேலங்காட்டு வழியாக ஒளிந்து நடந்தவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை, இப்போது கூப்பிடுகிறது என்னையா, என் தலைக்கு மேலே இருப்பதையா என்று ஒரு முள் உள்ளே குத்தும். யாரிடம் கேட்பது இதை? மேகத்திடமே ஒரு நாள் கேட்டாள். அது தலையில் இரண்டு சொட்டு விட்டது, அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இப்படியிருக்கையில், கம்பெனியின் முதல் ராக்கெட் ஏவுகிற நாள் வந்தது. அதில் கனி சேனை வைத்த இன்ஜினும் கனியின் வால்வும் இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வின் அழுத்தத்தைப் பார்க்கிற திரைக்கு முன்னால் கனியின் நாற்காலி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அந்த நாற்காலியில் அந்த நேரம் உட்கார்ந்திருப்பது ஒன்றைத்தான். புது உடுப்பு எடுத்தாள், அம்மா கையால் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டாள், போனாள். மேகமும் போனது. போய், ஏவுதளத்துக்கு நேர் மேலே, தன் கூடப்பிறந்தானைத் தொட்டிலில் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்து நின்றுகொண்டது.

ராக்கெட்டுக்கு ஒரு விதி உண்டு, தலைக்கு மேலே மேகம் இருந்தால் ஏவக் கூடாது, மின்னல் பிடித்துவிடும். எல்லாரும் காத்திருந்தார்கள். மேகம் அசையவில்லை. ஆக்னஸ் மேடம் கனியைத் தனியே அழைத்து, "நீ சொன்னா கேட்குமா?" என்றார்.

"எங்க அம்மா பேச்சை நானே கேட்டதில்லை மேடம். அதுக்கும் என் குணம்தான்."

அன்றைக்கு ஏவவில்லை. நிரப்பிய எரிபொருளை எல்லாம் திரும்ப இறக்கினார்கள். ஒருத்தரும் கனியை ஒரு சொல் சொல்லவில்லை, நூர்தீன்கூடக் கேலி செய்யவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. மறுநாள் காலை அவளே போய் மேடம் முன்னால் நின்றாள். "ஏவுற அன்னைக்கு நான் லீவு போடுறேன் மேடம். தூரமாப் போயிடுறேன். நான் போனா அதுவும் வந்துரும்" என்றாள்.

ஆக்னஸ் மேடம் எழுந்து வந்து அவள் எதிரே நின்றார். "உன் திரையை நான் பார்த்துக்கிறேன். நின்னுக்கிட்டே பார்ப்பேன். உன் நாற்காலியில வேற யாரையும் உட்கார விடமாட்டேன்" என்றார்.

ஏவுகிற நாள் காலையில் சித்திரைவேல் லாரியை எடுத்தார். முன்னால் அப்பாவும் அம்மாவும் கனியும், மேலே மேகம், மேற்கே மேற்கே என்று போய், வறண்டு கிடந்த ஆலடிக்குளத்துக் கரையில் நின்றார்கள். ஊரார் எல்லாரும் ராக்கெட் பார்க்கப் பெரிய தேரி மேட்டுக்குப் போவதாகப் பல நாளாகவே பேச்சு. போகட்டும், நல்லாப் பார்க்கட்டும் என்று கனி மனசார நினைத்தாள். நினைத்துவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மேகம் கறுத்துப் போய், ஒரு சொட்டும் விடாமல், தலைக்கு மேலே தாழக் கிடந்தது. அண்ணாந்தால் அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

அப்போது குளக்கரைப் பாதையில் புழுதி கிளம்பியது. லோடு ஆட்டோ, மொபெட், சைக்கிள் என்று உடையடிவிளையே திரண்டு வந்தது. முன்னால் பாக்கியத்தாய், மடியில் ஒரு பெரிய பித்தளைத் தூக்கு.

"நீங்க ராக்கெட் பார்க்கப் போகலையா?" என்றாள் கனி.

"ராக்கெட்டைச் செஞ்சவ இங்க இருக்கா, நாங்க மேட்டுல ஏறி யாரைப் பார்க்க?" என்றாள் பாக்கியத்தாய். "நகந்து உக்காரு. தூக்கு சுடுது."

நூர்தீன் போனில் இருந்தான், ஒலியைக் கூட்டி வைத்தார்கள். பத்து, ஒன்பது என்று அவன் சொல்லச் சொல்ல, ஊரே கூடச் சேர்ந்து எண்ணியது, ராஜபுஷ்பம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாமி பேர்களாகச் சொன்னாள். எண்ணி முடித்தும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, வெகுதூரத்திலிருந்து, முதலில் கால் வழியாகவும் அப்புறம்தான் காது வழியாகவும், அது வந்தது. குளத்து மண் அதிர்ந்தது, லாரிக் கண்ணாடி நடுங்கியது. மேகம் அதைக் கேட்டது. தாய்க்குரல் கேட்ட தொட்டில்பிள்ளை மாதிரி உடம்பு முழுக்க ஒரு தடவை சிலிர்த்தது. சிலிர்த்து, நடுவில் கிழிந்து, ஒரு ஜன்னல் திறந்தது.

அந்த ஜன்னலுக்குள் நீல வானம், நீல வானத்தில் ஒரு சிறு தீ, தீக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு, ஏறிக்கொண்டே, ஏறிக்கொண்டே போயிற்று. கனி பார்த்தாள். ஊரே பார்த்தது. மேகமும் பார்த்தது, பார்த்துக்கொண்டே தானும் மேலே எழும்பியது, பனை உயரம், பருந்து உயரம், பிறகு கைக்குட்டை அளவு, பிறகு அந்த வெள்ளைக் கோட்டோடு கோடாகச் சேர்ந்து, பிறகு இல்லை.

"மேடம் சொல்லச் சொன்னாங்க கனி" என்று போனில் நூர்தீன் கத்தினான், அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. "ஒரு குமிழிகூட இல்ல! உன் வால்வுல ஒரு குமிழிகூட இல்ல! நாளைக்குச் சீக்கிரம் வரணுமாம், அடுத்த இன்ஜின் வந்துருச்சாம்!"

ஆரவாரம் அடங்கிய பிறகு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெறும் வானம், வெயில் சுள்ளென்று அடித்தது. "போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சே" என்றார் சித்திரைவேல்.

"உம்ம மக மட்டும் சொல்லிட்டா போனா?" என்றாள் ராஜபுஷ்பம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பஸ்ஸைக் கண்ட சந்தோசத்துல ஓடல? போற இடம் நல்லாருந்தா அப்படித்தான் ஓடுவாவ. நல்லாருக்கட்டும்."

கனிக்கு இப்போது ஊரார் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. தண்ணீர் போய்விட்டது, இனி என்ன என்று நினைப்பார்களே என்று தலையைக் குனிந்தாள். குனிந்தபோது அவர்கள் கைகள் கண்ணில் பட்டன. பாக்கியத்தாய் கையில் தூக்கு, வாழைத்தோட்டத்துக்காரர் கையில் இலைக்கட்டு, பூக்கட்டுகிறவர் கையில் மோர்ப் பாத்திரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் ஊறுகாயும் அப்பளக் கூடையும். ஒருத்தர் கையில்கூடக் குடம் இல்லை. மேகத்துக்குக் கீழே வந்து நிற்கப் போகிறோம் என்று தெரிந்தும் அவ்வளவு பேரும் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இத்தனை நாள் உள்ளே குத்திக்கொண்டிருந்த முள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப் போறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம், சோறு ஆறுது, வந்து உக்காரு" என்றாள் பாக்கியத்தாய்.

ஆலமரத்தடியில் இலை விரித்தார்கள். கை கழுவ லாரிக் குழாயைத் திறந்தார் சித்திரைவேல், டேங்கில் கடைசியாகப் பிடித்துவைத்த தண்ணீர், அதில் இன்னும் கருப்பட்டி மணம் இருந்தது. எல்லாரும் கழுவி முடித்த பிறகும் வால்வு சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. "ஏ கனி, அதைப் பாரும்மா" என்றார். கனி எழுந்து போய் அதை இறுக்கினாள், விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், ஈரம் இல்லை. திரும்பி வந்து, தனக்காக விட்டுவைத்திருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.